பெரியம்மாவுக்கு எத்தனை வயது? தாராவியிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

தாராவியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் மூன்று பேர் ஓர் அறையில் உட்கார்ந்து மற்றவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறோம். ரேஷன் கார்டு, சாதிச் சான்று, பென்ஷன், பள்ளிச் சேர்க்கை என்று எது வந்தாலும். சம்பளம் கிடையாது, டீ உண்டு. இங்கே எழுதியிருப்பது 2023 ஜூனில் ஆரம்பித்து 2025 ஏப்ரலில் முடிந்த ஒரே ஒருவரின் விவகாரம். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர் இல்லை, ஊரும் சில அடையாளங்களும் மாற்றியிருக்கிறேன். நாங்கள் செய்த தப்புகளை மாற்றவில்லை.

பின்னணி

வந்தவரைப் பெரியம்மா என்றே சொல்கிறேன், அப்படித்தான் கூப்பிடுகிறோம். பழைய திருநெல்வேலி மாவட்டத்தில் ஒரு கிராமம், 1986இல் மாவட்டம் பிரிந்த பிறகு அது தூத்துக்குடியில் இருக்கிறது. கல்யாணமான கையோடு பம்பாய் வந்தவர். வீட்டிலேயே இட்லி அவித்து, புருஷன் தலையில் தூக்கிக்கொண்டு போய் விற்று, அப்படியே முப்பது வருஷம் ஓடியது. புருஷன் 2009இல் இறந்தார். ஒரே மகள், கட்டிக்கொடுத்து கல்யாண் பக்கம் இருக்கிறாள். பெரியம்மா தனியாக ஒரு கோலியில், அதாவது ஒற்றை அறை வீட்டில். முட்டி தேய்ந்துபோய் அடுப்படியில் நிற்க முடியாமல் ஆனதும் இட்லி நின்றது, வருமானமும் நின்றது.

மகாராஷ்டிராவில் 65 வயது நிறைந்த ஏழை முதியவர்களுக்கு சிராவண் பாள் என்ற பென்ஷன் திட்டம் இருக்கிறது. மாதம் 1,500 ரூபாய். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 21,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், அதாவது மாதத்துக்கு 1,750. மும்பையில் அந்தக் காசில் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்பது வேறு கேள்வி, அதற்குள் இப்போது போக வேண்டாம். பெரியம்மா மனுவோடு பென்ஷன் அலுவலகத்துக்குப் போனார். ஆதாரைப் பார்த்த ஊழியர், “ஆஜி, உங்களுக்கு இன்னும் வயசாகலையே, 59தானே, ஆறு வருஷம் கழிச்சு வாங்க” என்று மராத்தியில் சொல்லி அனுப்பிவிட்டார். ஆஜி என்றால் பாட்டி. பாட்டி என்று கூப்பிட்டுக்கொண்டே வயசாகவில்லை என்று சொன்னார், அதுதான் பெரியம்மாவுக்கு ஆத்திரம்.

பெட்டியில் இருந்தவை

அவருடைய தகரப் பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் பாயில் பரப்பினோம். பிறப்புச் சான்று கிடையாது. அந்தத் தலைமுறையில் வீட்டில், மருத்துவச்சி கையில் பிறந்தவர்களிடம் அது இருந்தால்தான் ஆச்சரியம். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமே 1969இல்தான் வந்தது. அதற்கு முன்னும் மதராஸ் மாகாணத்துப் பழைய சட்டப்படி கிராம முன்சீப் ஒரு கணக்கு வைத்திருப்பார். யாராவது போய்ச் சொன்னால் எழுதுவார், சொல்லாவிட்டால் இல்லை.

இருந்தவை இவை. ஆதாரில் 01-01-1964. பான் கார்டில் அதே தேதி. பேங்க் பாஸ்புக்கிலும் அதேதான். 1999இல் மூன்று நிற ரேஷன் கார்டு வந்தபோது கொடுத்த காவி கார்டில், வயது 35. அப்புறம் அடியில், ஓரமெல்லாம் உரிந்த பழைய வாக்காளர் அடையாள அட்டை, சேஷன் தேர்தல் ஆணையராக இருந்த காலத்தில் கொடுத்தது. அதில் 1-1-1995 அன்று வயது 37.

அதாவது 1995இல் 37 வயதாக இருந்தவர் 1999இல் 35 ஆகியிருக்கிறார்.

பெரியம்மாவிடம் விசாரித்தால் ஆண்டுக்கணக்கு வரவில்லை, ஆனால் கணக்கு வந்தது. “நான் ஏவிளம்பி வருசம் ஐப்பசி மழையில பொறந்தவன்னு எங்க அம்மை சொல்லுவா. அண்ணா செத்த வருசம் சமைஞ்சேன். காமராசர் செத்தாருல்லா, அதுக்கு அடுத்த தையில கல்யாணம்.” ஏவிளம்பி 1957 ஏப்ரலில் பிறந்து 1958 ஏப்ரலில் முடிந்த தமிழ் வருஷம். ஐப்பசி என்றால் 1957 அக்டோபர் அல்லது நவம்பர். அண்ணா இறந்தது 1969 பிப்ரவரி 3, அப்போது பதினொன்று முடிந்து சில மாதம். காமராஜர் 1975 அக்டோபர் 2, அடுத்த தை என்றால் 1976 ஜனவரி, பதினெட்டு. எல்லாம் ஒன்றோடொன்று பொருந்துகிறது. அதோடு ஏவிளம்பி அறுபது வருஷம் சுற்றி 2017இல் மறுபடி வந்தபோது, “எனக்கு அறுபது முடியப் போகுது” என்று மகளிடம் சொல்லி ஒரு பாயசம் வைத்திருக்கிறார். ஆதாரின்படி அன்றைக்கு அவருக்கு 53.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. மகள் 1978இல் மும்பை ஆஸ்பத்திரியில் பிறந்தவள், அவளுக்குப் பிறப்புச் சான்று உண்டு. ஆதார் சரி என்றால் பெரியம்மா பன்னிரண்டில் கல்யாணம் செய்து பதினான்கில் பிள்ளை பெற்றிருக்க வேண்டும். இதை அலுவலகத்தில் சொல்லிப் பார்த்தோம். “உங்க ஊர்ல அப்படித்தானே கட்டிக் கொடுப்பாங்க” என்று பதில் வந்தது. அன்றைக்கு நான் கொஞ்சம் சத்தம் போட்டேன், அது உதவவில்லை.

1964 எங்கிருந்து வந்தது என்று நூல் பிடித்துப் போனோம். 1999இல் ரேஷன் படிவத்தை நிரப்பிக் கொடுத்தவர் ஆளைப் பார்த்துக் குத்துமதிப்பாக 35 என்று எழுதியிருக்கிறார். 2012 ஆதார் முகாமில் பெரியம்மா அந்த ரேஷன் கார்டை நீட்ட, அவர்கள் 35ஓடு 13ஐக் கூட்டி 48 ஆக்க, வயது மட்டும் சொன்னால் ஜனவரி 1 என்று போடுவது வழக்கமானதால் 01-01-1964 பிறந்தது. பான் ஆதாரைப் பார்த்து, பாஸ்புக் பானைப் பார்த்து. நாலு ஆவணம் ஒரே தேதியைச் சொல்கிறதே என்று அலுவலகம் நம்புகிறது. உண்மையில் அது நாலு சாட்சி இல்லை, ஒரே சாட்சி நாலு சட்டை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது. அந்த வரிசையில் சேராத ஒரே காகிதம் 1995 வாக்காளர் அட்டை.

மருத்துவமனைக்குப் போனது

இது எங்கள் முதல் தப்பு. அந்தப் பென்ஷன் திட்டத்தின் விதியிலேயே, பிறப்புப் பதிவு, பள்ளிச் சான்று, ரேஷன் கார்டு அல்லது வாக்காளர் பட்டியலில் உள்ள வயது, இவை எதுவும் இல்லாவிட்டால் அரசு மருத்துவமனைக் கண்காணிப்பாளர் தரும் வயதுச் சான்று என்று இருக்கிறது. சரி, அதுதான் நேர் வழி என்று நினைத்து 2023 ஆகஸ்டில் ஓர் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன்.

எலும்பை எக்ஸ்ரே எடுத்து வயது சொல்வார்கள் என்ற நம்பிக்கை நம் ஜனங்களிடம் நிறைய. அது பிள்ளைகளுக்கு. மணிக்கட்டு, முழங்கை, இடுப்பெலும்பின் நுனிகள் ஒட்டும் வயதை வைத்து ஒரு சிறுவன் பதினாறா பதினெட்டா என்று ஓரளவு சொல்லலாம். அதிலேயே இரண்டு பக்கமும் இரண்டு வருஷம் பிசகலாம் என்று உச்ச நீதிமன்றம் 1982லேயே சொல்லியிருக்கிறது. இருபதுகளில் எல்லா எலும்பும் ஒட்டி முடிந்த பிறகு, 59க்கும் 66க்கும் வித்தியாசம் காட்ட எக்ஸ்ரேயால் ஆகாது. டாக்டர் நல்ல மனுஷன், ஒளிக்காமல் இதையெல்லாம் சொன்னார். சொல்லிவிட்டு, “அடையாளத்துக்கு ஆதார் கொடுங்க” என்று வாங்கிப் பார்த்து, சான்றில் “சுமார் 60” என்று எழுதினார்.

ஆக ஐந்தாவது சட்டையும் தயார். இந்த முறை அரசு முத்திரையோடு. அதை நாங்கள் எங்கேயும் கொடுக்கவில்லை, கிழிக்கவும் மனசில்லை, இன்னும் கோப்பில் இருக்கிறது.

ஊரில் தேடல்

அடுத்த முடிவு, பிறந்த இடத்திலேயே தேடுவது. மும்பையில் என்ன முட்டினாலும் பிறப்பைப் பிறந்த ஊரில்தான் பதிய முடியும். ஊரில் பெரியம்மாவின் அண்ணன் மகன் இருக்கிறான், அவன்தான் அலைந்தான். கிராம நிர்வாக அலுவலரிடம் அந்தக் காலத்துக் கணக்கு இல்லை. முன்சீப் முறையே 1980இல் ஒழிந்தது, அப்போது கைமாறிய கட்டுகள் எங்கெங்கோ போயிருக்கின்றன. அலுவலகம் அலுவலகமாக ஒன்றரை மாதம் சுற்றி, பழைய பதிவேடு இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டான்.

செப்டம்பர் கடைசியில் ராத்திரி பத்து மணிக்கு அவனிடமிருந்து போன். “அண்ணே, கிடைச்சிருச்சு.” பெரியம்மாவின் அப்பா பெயர், தெருப் பெயர், பெண் குழந்தை. குழந்தையின் பெயர் இல்லை, அந்தக் காலத்தில் பெரும்பாலும் பெயர் எழுத மாட்டார்கள், பெயர் வைப்பதற்கு முன்பே பதிவு முடிந்துவிடும். வருஷம் மட்டும் 1955.

எங்களுக்கு ஒரே கொண்டாட்டம். 1955 என்றால் 68 வயது, பென்ஷனுக்குத் தாராளம். பெயரைப் பிற்பாடு சேர்க்கவும் அப்போது வழி இருந்தது. ஆனால் ஏவிளம்பிக்கு இரண்டு வருஷம் இடிக்கிறதே என்று எனக்கு உறுத்தியது. ஊரில் பெரியம்மாவின் அத்தை ஒருவர், எண்பத்தைந்தைத் தாண்டியவர், இன்னும் நினைவு தெளிவாக இருக்கிறார், அவரிடம் கேட்கச் சொன்னேன். அவர் கேட்டவுடனே சொல்லியிருக்கிறார், “அது மூத்தவடா. கக்குவான் வந்து ஒரு வயசுக்குள்ள போயிட்டா. இவ அதுக்குப் பிறகு பொறந்தவ.”

பெரியம்மாவுக்கு ஓர் அக்கா இருந்தது பெரியம்மாவுக்கே அரைகுறையாகத்தான் தெரியும்.

அந்தப் பதிவை என்ன செய்வது

இதில் நான் ஒரு வாரம் தடுமாறினேன் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். அண்ணன் மகன், “பேரே இல்லண்ணே, யாரு வந்து கேக்கப் போறா” என்றான். இங்கே எங்களோடு உட்காரும் இன்னொருவரும் அதையே சொன்னார்: ஆளுக்கு வயது உண்மையிலேயே 65க்கு மேல், கிடைக்க வேண்டிய பென்ஷன்தான், வேறு ஒரு காகிதம் வழியாகக் கிடைத்தால் என்ன? தள்ளிவிட முடியாத வாதம்.

வேண்டாம் என்றதற்கு என் காரணங்கள் எல்லாம் காரியக் காரணங்கள். அந்தக் குழந்தையின் இறப்பும் அதே அலுவலகத்தில் பதிவாகியிருக்கலாம், என்றைக்காவது இரண்டையும் யாராவது சேர்த்துப் பார்த்தால் பென்ஷனும் போகும், பொய்த் தகவல் கொடுத்த வழக்கும் வரும். நம் கையில் இருக்கும் ஒரே நல்ல சாட்சியான வாக்காளர் அட்டையும் 1957தான் சொல்கிறது, நாமே அதை அடித்துப் போட்டதாகும்.

பெரியம்மாவிடம் இந்தக் காரணங்களைச் சொல்லவே நேரம் வரவில்லை. விஷயத்தைக் கேட்டதும், “அது எங்க அக்காதுய்யா. அவளுக்குன்னு இருக்கது அந்த ஒரு வரிதான், அதையும் நான் எடுத்துக்கிடவா” என்றார். பேச்சு அதோடு முடிந்தது.

1956 முதல் 1958 வரை தேடியதில் அவருக்குப் பதிவு இல்லை. பதிவு இல்லை என்பதற்கு எழுத்தில் ஒரு சான்று வாங்கினோம். பலர் இதை வாங்காமல் வெறுங்கையோடு திரும்பிவிடுகிறார்கள். பின்னால் எல்லாவற்றுக்கும் அஸ்திவாரமாக இருந்தது அந்த ஒரு தாள்தான்.

ரெக்கார்டு ஷீட்

டிசம்பரில் பேச்சுவாக்கில் பெரியம்மா, மூன்றாம் வகுப்பு வரை படித்ததாகச் சொன்னார். ஆறு மாதமாக இதை நாங்கள் கேட்கவே இல்லை! கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைப்பவர், படித்திருக்க மாட்டார் என்று நாங்களாக முடிவு செய்துவிட்டோம். “மத்தியானம் சோறு போடுவாங்கன்னு அம்மை அனுப்பிவிட்டா” என்றார்.

ஊரில் அந்த மிஷன் பள்ளி இன்னும் நடக்கிறது. 2024 ஜனவரியில், பொங்கல் லீவு முடிந்து, தலைமையாசிரியை சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துக் கொடுத்தார். 1962 ஜூன் சேர்க்கை. பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி 10-5-1957. அதை வைத்து ரெக்கார்டு ஷீட், அதாவது பள்ளிச் சான்று, போட்டுக் கொடுத்தார்கள்.

அந்தப் பக்கத்தின் போட்டோவை நான் பெரிதாக்கிப் பார்த்தேன். பதினான்கு பிள்ளைகள், பதினொரு பேர் மே மாதத்தில் பிறந்தவர்கள். அந்தக் காலத்து வாத்தியார்கள், ஐந்து வயது நிரம்பினால்தான் சேர்க்கலாம் என்பதற்காக ஜூனுக்கு முந்தி ஒரு தேதியைப் போட்டுவிடுவார்கள். நம் அம்மா அப்பாக்களில் பாதிப் பேர் மே மாதத்தில் பிறந்தது இப்படித்தான். ஆக தேதி கற்பனை. ஆனாலும் இந்தக் காகிதத்தை நான் நம்பினேன். இது எழுதப்பட்டபோது பென்ஷன், ஆதார் எதுவும் யார் மனசிலும் இல்லை, ரேஷன் கார்டு வரிசையிலிருந்து வந்ததும் இல்லை, வாக்காளர் அட்டையோடும் ஏவிளம்பியோடும் வருஷம் ஒத்துப்போகிறது.

எந்த வழி, ஏன்

ரெக்கார்டு ஷீட், வாக்காளர் அட்டை, பதிவு இல்லை என்ற சான்று, மூன்றையும் எடுத்துக்கொண்டு மறுபடி பென்ஷன் அலுவலகம். ஆதார் ஆணையம் 2023 டிசம்பரில், ஆதார் அட்டை தன்னளவில் பிறந்த தேதிக்குச் சான்று ஆகாது என்று சுற்றறிக்கை விட்டிருந்தது. அதைக் காட்டி 2024 ஜனவரியில் வருங்கால வைப்பு நிதி நிறுவனமும் வயதுச் சான்றுப் பட்டியலிலிருந்து ஆதாரை எடுத்துவிட்டது. இரண்டையும் அச்செடுத்துக் கொண்டு போனேன். ஊழியர் பொறுமையாகப் படித்தார். “சர்குலர் சரிதான். ஆனா கம்ப்யூட்டர் ஆதார்ல இருக்கிற தேதியைத்தான் எடுக்கும்” என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை.

மேல் அதிகாரிக்கு எழுதிப் போராடலாமா என்று யோசித்தோம். ஜெயித்திருக்கலாம், ஆனால் அடுத்த அலுவலகத்தில், அடுத்த திட்டத்தில், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதனால் ஆதாரையே திருத்துவது, அதற்குக் கெட்டியான காகிதமாகப் பிறப்புச் சான்றையே இப்போது வாங்குவது என்று முடிவெடுத்தோம். 67 வயதில் பிறப்புச் சான்று என்றால் சிரிப்பாக இருக்கலாம், சட்டத்தில் இடம் இருக்கிறது. பிறப்பை 21 நாளுக்குள் சொல்ல வேண்டும். 30 நாள் வரை தாமதக் கட்டணத்தோடு, ஒரு வருஷம் வரை அனுமதியோடு. அதற்கும் மேல் என்றால் முன்பு முதல் வகுப்பு நீதித்துறை நடுவரின் உத்தரவு வேண்டும். 2023 அக்டோபர் 1இல் அமலுக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு மாவட்ட ஆட்சியர் அல்லது கோட்ட அளவிலான நடுவர் போதும், அதாவது தமிழ்நாட்டில் வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ. ஊரில் ஆவண எழுத்தர் கோர்ட்டுக்குத்தான் போகணும் என்று பணம் கேட்டார், அண்ணன் மகன் நேரே ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போனான்.

மனுவில் எந்தத் தேதி போடுவது என்பதில் ஒரு சின்னச் சண்டை. பெரியம்மாவுக்கு ஐப்பசிதான் வேண்டும். “மே மாசம்னா நான் வெயில்ல பொறந்தவளா?” காகிதத்தில் இருப்பது மே 10, அதற்கு மாறாக எழுதினால் விசாரணையில் மாட்டும் என்று சொல்லிச் சம்மதிக்க வைத்தேன்.

மார்ச்சில் மனு கொடுத்தோம். ஏப்ரல் 19 தேர்தல், வருவாய்த் துறை முழுக்க அந்த வேலையில். ஜூனில் பெரியம்மா தாதர்–திருநெல்வேலி ரயிலில் போய் நேரில் வாக்குமூலம் கொடுத்தார். அந்த அத்தையும் வந்து, மூத்தவள் செத்ததையும் இவள் பிறந்ததையும் சொல்லிக் கைநாட்டு வைத்தார். 1955 பதிவை நாங்கள் மறைக்கவில்லை, மனுவிலேயே எழுதியிருந்தோம். அதைப் பார்த்த பிறகு அங்கே பேச்சின் தொனியே மாறியது என்று அண்ணன் மகன் சொன்னான். ஆகஸ்டில் உத்தரவு, செப்டம்பரில் பிறப்புச் சான்று.

நடுவில் வந்த 1,500 ரூபாய்

இதற்கிடையில் 2024 ஜூலையில் மகாராஷ்டிர அரசு லாட்கி பஹின் திட்டத்தைக் கொண்டுவந்தது. 21 முதல் 65 வயது வரை பெண்களுக்கு மாதம் 1,500. பெயருக்கு அர்த்தம் செல்லத் தங்கை. சந்தில் ஒரு வீடு பாக்கியில்லாமல் விண்ணப்பித்தார்கள். பெரியம்மாவின் மகளும் எங்களிடம் சொல்லாமல் அம்மாவுக்கும் போட்டுவிட்டாள். ஆதாரின்படி 60தானே, உடனே பாஸ். ஆகஸ்டில் இரண்டு மாதத்துக்குச் சேர்த்து 3,000 வந்துவிட்டது.

வயது போதாது என்று திருப்பி அனுப்பிய அதே ஆதார் இப்போது காசு கொடுக்கிறது. மகள் என்னிடம் நேரடியாகக் கேட்டாள்: “அண்ணா, இதே ஆயிரத்தைந்நூறுதானே, எதுக்கு இனிமே அலையணும்?” எனக்கு நல்ல பதில் இல்லை. உண்மையான வயது இதுதான் என்று அரசாங்கத்தின் ஒரு கையில் உத்தரவு வாங்கிவிட்டு, இன்னொரு கையில் இளமைக்குக் காசு வாங்க முடியாது, பிற்பாடு திருப்பிக் கேட்பார்கள் என்று மட்டும் சொன்னேன். நவம்பர் வரைக்குமாக 7,500 வந்தது. டிசம்பரில் ஆதார் திருந்தியதும் இனி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தோம். கடிதத்தை வாங்கியவருக்கு அதை எந்தக் கோப்பில் போடுவது என்றே தெரியவில்லை. வந்த பணத்தை இதுவரை யாரும் கேட்கவில்லை, கேட்டால் கட்ட வேண்டியிருக்கும் என்று பெரியம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அதில் பெரும்பகுதி ஊருக்குப் போய்வந்த செலவுக்கே சரியாகிவிட்டது.

முடிவு

பிறப்புச் சான்றோடு அக்டோபரில் ஆதார் மையத்துக்குப் போனால் நிராகரித்தார்கள். சான்றில் பள்ளியில் இருந்த பெயர், பின்னால் “அம்மாள்” சேர்ந்தது. ஆதாரில் மராத்தி வழக்கப்படி தன் பெயர், புருஷன் பெயர், மூன்றாவதாக மாமனார் பெயர் குடும்பப் பெயராக. நமக்குக் குடும்பப் பெயர் இல்லாததால் அந்தக் கட்டத்தில் யாரோ ஒரு தாத்தா உட்கார்ந்துவிடுகிறார். இருவரும் ஒருவரே என்று பிரமாணப் பத்திரம், அரசிதழ் அறிவிப்பு, அதற்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. டிசம்பரில் இரண்டாவது முறை ஏற்றுக்கொண்டார்கள். பிறந்த தேதியை ஆதாரில் ஒரு முறைதான் மாற்றலாம் என்பதால் மையத்தில் திரையை மூன்று பேர் எட்டிப் பார்த்துச் சரிபார்த்தோம்.

அக்டோபர் 24 அன்று உச்ச நீதிமன்றமும் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில், வயதுக்கு ஆதாரை விடப் பள்ளிச் சான்றே மேல் என்று சொன்னது. ஜனவரியில் ரெக்கார்டு ஷீட்டோடு போனபோது அது கையில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். கம்ப்யூட்டர் அதையும் படித்திருக்காது.

டிசம்பர் கடைசியில் பென்ஷன் மனு, மார்ச்சில் ஒப்புதல், 2025 ஏப்ரலில் முதல் 1,500. பின்தேதியிட்டு எதுவும் கிடையாது. முதல் முறை போன நாளிலிருந்து கணக்குப் போட்டால் 22 மாதம்.

இப்போது வந்தால் என்ன மாற்றுவோம்

பெரியம்மா 2009லேயே விதவையானவர். 65க்குக் கீழ் உள்ள ஏழை விதவைகளுக்கு சஞ்சய் காந்தி நிராதார் திட்டத்தில் உதவி உண்டு. அதே அலுவலகம். புருஷனின் இறப்புச் சான்று அந்தத் தகரப் பெட்டியிலேயே இருந்தது. உண்மை வயதுப்படியே பார்த்தாலும் 2009இலிருந்து 2022 வரை அவர் மனு கொடுத்திருக்கலாம். சந்தில் யாரும் சொல்லவில்லை, அந்த வருஷங்களில் நானும் அதே அறையில்தான் உட்கார்ந்திருந்தேன், அவரிடம் இட்லி வாங்கித் தின்றிருக்கிறேன். இப்போது விதவை யார் வந்தாலும், எதற்கு வந்திருந்தாலும், இதை முதலில் கேட்கிறோம்.

மருத்துவமனைக்கு அனுப்புவதில்லை. வேறு காகிதமே இல்லாதவர்களை மட்டும், அதுவும் ஆதாரைத் திருத்திய பிறகு. வந்த அன்றைக்கே பெட்டியைக் கொட்டி, ஒவ்வொரு காகிதமும் எதைப் பார்த்து எழுதப்பட்டது என்று பென்சிலில் அதன்மேல் எழுதுகிறோம். பள்ளிக்கூடம் போனீர்களா என்று கைநாட்டு வைப்பவரிடமும் கேட்கிறோம். தேவாலயத்தில் ஞானஸ்நானம் எடுத்த குடும்பம் என்றால் அந்தப் பதிவேட்டையும் கேட்பதுண்டு, ஆனால் அதைக் கேட்கும் முன் வீட்டில் யாருடைய சாதிச் சான்றுக்காவது அதனால் இடைஞ்சல் வருமா என்று தனியாக விசாரிக்க வேண்டும், ஏனென்றால் கிறிஸ்தவரானால் பட்டியல் சாதிச் சலுகை கிடையாது என்பது 1950 உத்தரவு. பெரியம்மா விஷயத்தில் அந்தப் பக்கமே போகாமல் தப்பித்தோம்.

தீர்க்க முடியாமல் விட்டது ஒன்று இருக்கிறது. மகளின் பிள்ளைகளுடைய பள்ளிப் படிவம் ஒன்றில் பாட்டியின் பழைய ஆதார் நகலைக் கொடுத்திருக்கிறார்கள், அது எங்கே எப்போது முளைக்கும் என்று தெரியாது. ரேஷன் கார்டிலும் இன்னும் 35தான். மாற்றிவிடலாமா என்று போன மாதம் கேட்டேன். “அது கெடக்கட்டும்” என்றார் பெரியம்மா, “ஒண்ணுலயாவது சின்னப் புள்ளையா இருந்துட்டுப் போறேன்.”